நைனாவுக்குச் சொன்னது நானில்லை

திருமுல்லைவாயில்
23.2.92

கண்ணு சொர்ணத்துக்கு அம்மா நாகவல்லி எழுதறது. கொடியிடை அம்மன் புண்ணியத்துல நானும் உங்க நைனாவும் நடமாடிக்கினு இருக்கோம். நீ மஸ்கட்டுல வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கிறியான்னுதான் எப்பவும் எனக்கு நினைப்பு. நைட் டூட்டி மாத்திக் குடுத்தாங்களா இல்லையா. இந்தக் காகிதத்தை நான் தபால்ல போடலை. எதிர்வீட்டு வேம்புலியம்மாளோட மருமகன் வீரராகவன் லீவு முடிஞ்சு மஸ்கட்டுக்குத் திரும்பிப் போறாரு, அவர் கையில குடுத்து, உன் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்கே வந்து உன் கையில மட்டும்தான் குடுக்கணும்னு சொல்லியிருக்கேன். அவரும் ஏன்னு கேக்காம வாங்கிக்கினாரு. பொங்கலுக்கு நீ பூத்துக்கு போன் பண்ணப்போ நான் சாப்டியா, மழையா வெயிலான்னு நாலு வார்த்தை பேசிட்டு வெச்சுட்டேன், உனக்கு மனசு கஷ்டமா இருந்திருக்கும். அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு நினைச்சிருப்ப. அதுக்குக் காரணத்தைத்தான் எழுதறேன், உட்கார்ந்து நிதானமாப் படி.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உன் விஷயம் நைனாவுக்குத் தெரிஞ்சு போச்சு. நீ மணவாளனை விட்டுட்டு தனியா குவார்ட்டர்ஸ்ல இருக்கிறது, அவன் கை நீட்டினது, எல்லாம். சொன்னது நானில்லைம்மா. வேப்பம்பட்டுல உன் மாமியா, உங்க கன்னியம்மா அத்தை, என் பையன் மானத்தை அவன் மாமியார்தான் தெருவுல வெச்சா, அவ பொண்ணுக்கே எழுதிப் போடறேன்னு குதிச்சுக்கினு போயிருக்கா. எழுதியிருந்தாலும் எழுதியிருப்பா. நீ அதை நம்பிடக் கூடாதேன்னுதான் எனக்கு இந்த ரெண்டு மாசமா சோறு இறங்கலை. யார் சொன்னாங்க, எப்படிச் சொன்னாங்கன்னு நடந்தது நடந்தபடி எழுதறேன்.

நம்ம பின் போர்ஷன்ல யோகமலர்னு ஒரு பொண்ணு குடியிருக்குதுன்னு போன்ல சொல்லியிருக்கேனே, நீ போன தடவை லீவு முடிஞ்சு போனப்புறம் வந்தது. பருத்தித்துறைப் பக்கம். சண்டையில ஊடு போயி, படகுல வந்து இறங்கி, யார் யார் மூலமாவோ நம்ம ஊருக்கு வந்து சேர்ந்துச்சு. புருஷன் பிரான்சுல ஒரு ஓட்டல்ல வேலை செய்யறாரு. தர்ஷினின்னு ஒரே பொண்ணு, நீ படிச்ச பள்ளிக்கூடத்துலதான் ரெண்டாவது சேர்த்துச்சு. ஜாக்கெட் தைக்கிறதுல கை அவ்வளவு சுத்தம், தெருவுல பாதிப் பேருக்கு அதான் தைக்கும். என்னை அக்கான்னு கூப்பிடும். அது பேசறது முதல்ல எனக்குப் பாதி புரியாது, நான் பேசறது அதுக்குப் புரியாது, ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம். சாயங்காலம் ஆச்சுன்னா நடுக்கதவைத் திறந்து வெச்சுட்டு அது தைக்கும், நான் கீரை ஆய்வேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அது புருஷன் ஸ்டேஷன் பக்கத்துல பாஸ்கரன் பூத்துக்கு போன் பண்ணுவாரு, அது போயி காத்துக்கினு இருந்து பேசிட்டு வரும். நீ எனக்குப் பண்றதும் அந்த பூத்துக்குத்தான். அதை மனசுல வெச்சுக்கோ.

போன மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல அந்தக் குண்டு வெடிச்சுதே, அன்னையிலேர்ந்து ஊரே மாறிப் போச்சு. நடந்தது சின்ன பாவம் இல்லை, கூட எத்தனை ஏழைபாழை செத்துதுங்க, அந்தக் கோபம் எனக்கும்தான் இருந்துச்சு. இலங்கைக்காரங்க எல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல வந்து பதியணும்னு சொன்னாங்க. யோகமலர் தானே போச்சு, நான்தான் துணைக்குப் போனேன். பெஞ்சுல நாள் முழுக்க உட்கார வெச்சு அதையும் போட்டோ புடிச்சு, குழந்தையையும் புடிச்சாங்க. திரும்பி வரச்சே, இப்பிடி ஒண்டு நடந்தாப் பிறகு அவையள் கேக்கத்தானே வேணும் அக்கான்னு சொல்லுச்சு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. கேட்டாங்க, சொன்னோம், அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

ஆடி கழிஞ்சு ஒருத்தன் ஊட்டுக்கு வந்தான். சபாரி சட்டை, ஸ்கூட்டர். செருப்பை வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள வந்தான், அம்மா அம்மான்னுதான் கூப்பிட்டான், நான் குடுத்த காபியை நல்லாருக்குன்னு சொல்லிக் குடிச்சான். பேரு சொல்லலை. எந்த ஆபீஸ்னும் சொல்லலை, போலீஸ்தான்னு வெச்சுக்கங்கன்னான். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா, கண்ணைத் தொறந்து வெச்சுக்கினு இருந்தா போதும்னான். அப்புறம் கேக்க ஆரம்பிச்சான். பின்னாடி இருக்கிற பொண்ணு ஒருவேளைக்கு எவ்வளவு அரிசி போடுது, கொடியில ஆம்பளைத் துணி காயுதா, எத்தனை மணிக்கு விளக்கு அணைக்குது, யாரு வராங்க, வந்தவங்க பின்வாசல் வழியா போறாங்களா, குளிக்கப் போறப்போ ரூமைப் பூட்டிட்டுப் போகுதா. இதெல்லாம் கேக்கற கேள்வியா சொல்லு. நான் நைனா மூஞ்சியைப் பார்த்தேன். நைனா தரையைப் பார்த்துக்கினு இருந்தாரு. அவன் எழுந்துக்கும்போது, அய்யா ராணுவத்துக்குச் சாமான் செய்யற எடத்துல கீறாரு, வர்ற வருஷம் ரிடையரு, நல்லபடியா வெளிய வரணும் இல்லையான்னு சிரிச்சுக்கினே சொன்னான். மெரட்டின மாதிரியும் இல்லை, ஆனா அவன் போனப்புறம் நைனா ரொம்ப நேரம் வெளிய தலை காட்டலை.

அதுலேர்ந்து வாரம் தவறாம வருவான். நான் சொன்னது என்ன தெரியுமா. முருங்கைக்கீரை வாங்குச்சு, பொண்ணுக்கு சளி, நம்ம தெரு ஞானம்மாளுக்கு ரெண்டு ஜாக்கெட் தைச்சுது. அவன் அதையும் கேட்டுக்கினு தலையை ஆட்டுவான். நான் கெடுதலா ஒண்ணும் சொல்லலை, ஆனா சொர்ணம், பார்க்கறதை நிறுத்த முடியலை. அது அரிசி களையற சத்தம் கேட்டா காது தானா அங்க போவுது. துவைச்ச துணியைப் பார்த்தா எண்ணத் தோணுது. அது ஏதாவது ஊர்க்கதை சொல்லிக்கினு இருந்தா, இது அவன்கிட்ட சொல்லலாமா கூடாதான்னு உள்ள ஒண்ணு தராசு புடிக்குது. நடுக்கதவைச் சாத்தி வெச்சேன். காத்து வருதுன்னு சாக்கு சொன்னேன். கொஞ்ச நாள்ல அது உள்பாவாடை, குழந்தை ஜட்டி எல்லாத்தையும் அடுப்புக்கு மேல கயிறு கட்டி உள்ளயே காயப் போட ஆரம்பிச்சுது. புகை நாத்தத்தோடதான் அதுங்க உடுத்திக்கினு போகும். அதுகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை. பார்க்கப்படறவங்களுக்குத் தெரிஞ்சுடும் போல.

ஐப்பசி மழையில குழந்தைக்கு மஞ்சக்காமாலை வந்துடுச்சு. யோகமலருக்கு அக்கா புருஷன் ஒருத்தர், கும்மிடிப்பூண்டி பக்கத்து முகாம்ல இருக்கிறவரு, ஊர்ல கம்பவுண்டரா இருந்தவரு, சேதி கேட்டு மருந்து எடுத்துக்கினு ஒரு மத்தியானம் வந்தாரு. முகாம்ல சொல்லிட்டு வரணுமாம், சொன்னா ரெண்டு நாள் ஆவும்னு சொல்லாம வந்துட்டாரு. குழந்தை நாக்கைப் பார்த்தாரு, கஞ்சியில உப்பு சேர்க்காதேன்னாரு, ஒரு வாய் சாப்பிட்டு சாயங்காலம் ரயிலுக்குப் போயிட்டாரு. நான்தான் அவருக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தேன். அந்த வாரம் அவன் வந்து யாரு வந்தாங்கன்னு கேட்டப்போ யாரும் வரலைன்னுட்டேன். அவனும் சரிம்மான்னு போயிட்டான்.

அடுத்த வாரம் வந்தான். நைனாவும் ஊட்டுலதான் இருந்தாரு. காபியை வாங்கி பாதி குடிச்சுட்டு கீழ வெச்சான். அம்மா மறைக்கறதுல கெட்டிக்காரங்கதான், நம்மளுக்குத்தான் தெரியாம போச்சுன்னான். கம்பவுண்டர் வந்தது, எந்த ரயிலுக்குப் போனதுன்னு எல்லாம் சொன்னான். அப்புறம் நைனா பக்கம் திரும்பி, இன்னா அய்யா, உங்க பொண்ணு மஸ்கட்ல புருஷனை வுட்டுட்டு மாசக்கணக்கா தனியா கீதே, அதையாவது அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா இல்லியான்னு கேட்டான். நைனாவுக்குப் புரியலை. அவன் விடலை. புருஷன் அடிச்சதுல ஒரு காது கேக்கலைன்னு போன்ல அழுதுச்சே. நைனாவுக்குச் சொல்லிடாதம்மா, நான் வந்து என் வாயால சொல்றேன்னு சொல்லுச்சேன்னான். நீ அன்னைக்கு எப்படித் தழுதழுத்துச் சொன்னியோ அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறலை. அவன் வாயில அதைக் கேட்டப்போ, தெருவுல என் சேலையை யாரோ புடிச்சு இழுத்த மாதிரி எனக்கு உடம்பு கூசிப் போச்சு. யோகமலர் புருஷன் பேசறதைக் கேக்கறதுக்காக அந்த பூத்து லைனையே கேட்டுக்கினு இருந்திருக்காங்க. அந்த லைன்ல யார் பேசினாலும் அவங்க காதுக்குத்தான் போயிருக்கு, கம்பவுண்டர் வந்ததும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. நீ எனக்குன்னு மட்டும் வெச்சுச் சொன்ன வார்த்தை அது. நடுவுல ஒருத்தன் உட்கார்ந்து கேட்டு, எடுத்து வெச்சு, வேணும்ங்கிறப்போ வெளிய விட்டிருக்கான். அவன் சத்தமாத்தான் பேசினான். ஜன்னல் திறந்திருந்துச்சு, குழாயடியில நாலு பேரு நின்னாங்க. வேப்பம்பட்டு வரைக்கும் போனது அப்படித்தான்.

அவன் போனப்புறம் நைனா எழுந்து சட்டையைப் போட்டுக்கினு வெளிய போயிட்டாரு. திரும்பி வந்தும் பேசலை. அடுத்த நாளும் பேசலை. கேரியர்ல சோறு வெச்சுக் குடுத்தா வாங்கிக்கினு வேலைக்குப் போறாரு, வராரு. என்கிட்டதான் கோபம்னு நினைச்சேன், அக்கா பையனுக்குப் பொண்ணைக் குடுத்தவரு அவருதான் இல்லையா, அந்த வெக்கமும் இருந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் சாப்பிட்டுக்கினு இருக்கிறப்போ கையை நிறுத்தி, எந்தக் காதுன்னு கேட்டாரு. இடது காதுன்னேன். சோத்தை முடிக்காம எழுந்துட்டாரு. நீ ஏன் என்கிட்ட மறைச்சன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வரலை சொர்ணம். கன்னியம்மா அத்தை வந்து கூடத்துல உட்கார்ந்து அழுது கத்தினப்பவும், பையனை ஒழுங்கா வளர்த்தியாக்கா நீன்னு மட்டும் கேட்டாரு. அவங்க எழுந்து போயிட்டாங்க. அதுலேர்ந்து போக்குவரத்து இல்லை.

யோகமலரை கார்த்திகையில ஒரு காலையில ஜீப்பு வந்து கூட்டிக்கினு போச்சு. விசாரிச்சுட்டு அனுப்பறோம்னாங்க. குழந்தை நம்ம ஊட்டுலதான் இருந்துச்சு, நைனாதான் அதுக்குக் கஞ்சி ஆத்திக் குடுத்தாரு, அது நைனா சட்டையைப் புடிச்சுக்கினே தூங்குச்சு. ரெண்டு நாள் கழிச்சு யோகமலர் வந்துச்சு. அடிச்சாங்களான்னு கேட்டேன். இல்லையக்கா, கேட்டவை, திரும்பத் திரும்பக் கேட்டவைன்னு சொல்லுச்சு. என்ன கேட்டாங்கன்னு அது சொல்லலை, நானும் கேக்கலை. புருஷனும் அதுவும் போன்ல கொஞ்சிப் பேசினதை எல்லாம் நாலு ஆம்பளைங்க நடுவுல படிச்சுக் காட்டினாங்களாம், அது மட்டும் ஒரு நாள் தானா சொல்லுச்சு, சுவத்தைப் பார்த்துக்கினு. கம்பவுண்டரை வேற ஒரு முகாமுக்குக் கொண்டுபோயிட்டாங்க, வெளியிலேர்ந்து பூட்டற முகாமாம். ஒரு குழந்தைக்கு மருந்து எடுத்துக்கினு வந்த ஆளு. அப்புறம் யோகமலர் தையல் மெஷின் பக்கமே போகலை. தைக்கக் குடுத்தவங்களும் துணியைத் திருப்பி வாங்கிக்கினு போயிட்டாங்க.

தை மாசம் திரும்பிப் போறவங்களுக்குக் கப்பல் விடறாங்கன்னு சேதி வந்ததும் யோகமலர் தானே போயி பேரு குடுத்துடுச்சு. சண்டை நடக்கற எடத்துக்கு இந்தக் குழந்தையைத் தூக்கிக்கினு ஏன் போறேன்னு கையைப் புடிச்சுக் கெஞ்சினேன். அங்க குண்டு விழுந்தாச் சத்தம் கேக்கும் அக்கா, நாங்கள் ஓடிப் படுப்பம், இஞ்ச ஒண்டும் கேக்காது, ஆனா எல்லாருக்கும் எல்லாம் கேக்குதுன்னு சொல்லுச்சு. போறப்போ ஸ்டேஷன் வரைக்கும் நானும் நைனாவும் போனோம். ரயில் ஏறுறதுக்கு முன்னாடி, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையெண்டு எனக்குத் தெரியும் அக்கான்னு சொல்லி என் தோள்ல மூஞ்சியை வெச்சுக்கிச்சு. எனக்கு அழுகை கூட வரலை. இன்னைக்கு வரைக்கும் அதுகிட்டேர்ந்து ஒரு சேதியும் இல்லை. கப்பல் போச்சா, இறங்கினாங்களா, ஊரு இருக்குதா ஒண்ணும் தெரியாது. புருஷன் ஞாயித்துக்கிழமை பூத்துக்கு இன்னும் போன் பண்ணிக்கினுதான் இருக்காராம். என்ன சொல்றதுன்னு தெரியாம பாஸ்கரன் எடுக்கறதே இல்லையாம்.

பாஸ்கரனைத் திட்டாதே. ஒத்துக்கலைன்னா லைசென்சு போயிடும்னு சொன்னாங்களாம், அவனா வந்து நைனாகிட்ட சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கினு நின்னான். நைனா ஃபேக்டரியில யூனியன் ஆளு ஒருத்தரைக் கேட்டாரு, அப்படியெல்லாம் போனை ஒட்டுக் கேக்கணும்னா மேலேர்ந்து கையெழுத்துப் போட்ட உத்தரவு வேணும்னு அவர் சொல்லியிருக்காரு. யோகமலர் போனப்புறம் அந்த சபாரி சட்டைக்காரன் மறுபடியும் வந்தான், இனிமே யாரைக் குடி வெச்சாலும் முதல்ல என்கிட்ட சொல்லணும்னு. நைனா எழுந்து போயி வாசப்படியில நின்னுக்கினாரு. நீ கேட்டதுக்கெல்லாம் உத்தரவு எதனா கீதா, காட்டுன்னாரு. அவன் சிரிச்சான். நைனா சிரிக்கலை. எம்பொண்ணு சமாச்சாரத்தை எம்பொண்ணு வாயால நான் கேட்டுக்கறேன், நீ எனக்குச் சொல்ல வேணாம், இந்த ஊட்டுப் படி ஏறாதன்னாரு. முப்பது வருஷத்துல நைனா ஒரு சர்க்கார் ஆளை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவன் செருப்பை மாட்டிக்கினு, சரிங்க அய்யான்னு போயிட்டான்.

அந்த மாசமே ஃபேக்டரியில நைனாவை மெஷின்லேர்ந்து எடுத்துட்டு யார்டுல போட்டுட்டாங்க, வெயில்ல நின்னு பழைய இரும்பை எண்ணிக் குடுக்கற வேலை. காரணம் சொல்லலை. வெளிநாட்டுல பொண்ணு இருக்கே, அதுக்கு யார் யார் பழக்கம்னு எழுதிக் குடுன்னு கேட்டிருக்காங்க. ரிடையர் ஆனதும் வர வேண்டியது ஒழுங்கா வருமான்னு எனக்குக் கவலை, அவர்கிட்ட கேட்டா பார்த்துக்கலாம்ங்கிறாரு. முதுகு கறுத்துப் போச்சு. ராத்திரி எண்ணெய் தேய்ச்சு விடறேன். பின் போர்ஷன் காலியாத்தான் கிடக்கு, கேக்க வர்றவங்களும் தெருவுல ஏதோ கேள்விப்பட்டுத் திரும்பிப் போயிடறாங்க. ஊட்டுக்குள்ள நாங்க ரெண்டே பேரு, அப்பவும் மெதுவாத்தான் பேசறோம். நேத்து நைனா குழம்புல உப்பு கம்மின்னு சொல்ல என் காதுகிட்ட குனிஞ்சாரு. சொல்லிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

உனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நீ மணவாளன்கிட்ட திரும்பிப் போகணும்னு நான் சொல்ல மாட்டேன், போக வேணாம்னும் சொல்ல மாட்டேன், அது உன் இஷ்டம். காதைப் பெரிய டாக்டர்கிட்ட காட்டு, நர்ஸு வேலை பார்த்துக்கினே தன் உடம்பைக் கவனிக்காம இருக்காதே. இனிமே போன் பண்ணா நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லு. நான் சாப்டியான்னு கேப்பேன், சாப்டேன்னு சொல்லு. சாப்பிடாட்டியும் அப்படியே சொல்லு. மத்ததெல்லாம் நேர்ல வந்தப்போ உனக்கு எப்போ தோணுதோ அப்போ சொன்னா போதும், தோணலைன்னா சொல்லவே வேணாம். வீரராகவன்கிட்ட ஊறுகாயும் பருப்புப் பொடியும் குடுத்திருக்கேன், பொடி நமுத்துடாம டப்பாவை இறுக்கி மூடி வை. தாயாரு கொடியிடை அம்மன் உனக்குத் துணையா இருந்து, தைரியத்தையும் நல்ல தூக்கத்தையும் குடுக்கட்டும். கடைசியில கொஞ்சம் இடம் விடுன்னு நைனா சொல்றாரு, அவர் எழுதணுமாம். நான் அடுப்படிக்குப் போறேன், அவர் எழுதறதை நான் படிக்கப் போறதில்லை.

என்றும் உன் நன்மையையே நினைக்கிற அம்மா
நாகவல்லி

சொர்ணம், நீ எப்ப வந்தாலும் மீனம்பாக்கத்துக்கு நான் வந்து நிக்கறேன். தனியா வந்தாலும் சரி. வழியில உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். உன் வலது பக்கமா உட்கார்ந்துக்கறேன்.

நைனா
நாகப்பன்